பற்சிகிச்சை வண்டியில் முதலில் ஏற வேண்டியவை

ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் பல்வலி கண்டவர், ஒரு நாட்சம்பளத்தை இழந்து பதுளைக்கோ பண்டாரவளைக்கோ பஸ் ஏற மனமின்றி, கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு காலம் கடத்துவது வழக்கமாயிருப்பதால், பசறை, மடுல்சீமை, அப்புத்தளைப் பகுதிகளின் லயங்களை நாடி ஒரு நடமாடும் பற்சிகிச்சை வண்டி வருமாயின் அது பெரும் உபகாரமே. ஆயினும், அவ்வண்டியில் எந்தெந்த உபகரணங்கள் இருக்க வேண்டும் என்பதைக் கொடையாளரும் நிர்வாகமும் மாத்திரம் தீர்மானிக்க விட்டுவிடாது, தொழிலாளரும் தொழிற்சங்கத் தலைவர்களும் விசாரித்தறிதல் அவசியம். தேர்வு பிழைத்தால் துன்பம் அவர்களுக்கே.

முதலிடம் ஓட்டோகிளேவ் எனப்படும் நீராவிக் கலத்துக்குரியது. ஒருவர் வாயில் இரத்தம் பட்ட கருவி சுத்தி செய்யப்படாமல் மற்றொருவர் வாய்க்குள் போனால், ஹெபடைட்டிஸ் பி, சி போன்ற நோய்கள் தொற்றும் அபாயம் உண்டு. கொதிநீரில் போட்டெடுத்தால் போதும் என்று எண்ணுவோர் உளர். கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீருக்கே சில நுண்ணுயிர் வித்துக்கள் மடிவதில்லை. சுமார் 1,400 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையிலோ நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அழுத்தமேற்றிய நீராவியில் 121 பாகையாயின் குறைந்தது 15 நிமிடம் வைத்தாலன்றிக் கருவி சுத்தமாகாது. ஆகையால் கலத்தை இயக்கப் போதிய ஜெனரேட்டரும், நோயாளி ஒவ்வொருவருக்கும் உறையிலிட்ட தனிக் கருவித் தொகுதியும் வேண்டும். உறை மீதுள்ள குறிநாடா நிறம் மாறியிருப்பது வெப்பம் பட்டதற்கு மாத்திரமே அடையாளம்; வித்துப் பரிசோதனையும் கிரமமாக நடைபெற வேண்டும்.

அடுத்து, பிரகாசமான விளக்கும் வாய்க்கண்ணாடியும். இலங்கை ஆண்களிடையே முதன்மையான புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட ஆய்வுநூலில் குறிப்பிட்டது. இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க இயலாமை ஆகியவற்றை இவ்விளக்கொளியில் கண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல், பல் பிடுங்குவதினும் மேலான சேவை.

செங்குத்தான பாதையில் கம்பிரஸரும் நீர்த்தாங்கியும் ஏறாத இடங்களுக்கும் வழியுண்டு. 1980களில் தான்சானியாவில் உருவான முறைப்படி, கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி, கிளாஸ் அயனோமர் சிமெந்தால் அடைக்கலாம். அதற்கு மின்சாரம் தேவையில்லை. அச்சிமெந்தை உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

உரிமைகளையும் அறிந்திருத்தல் நன்று. கருவி உறையை உம் கண்ணெதிரே பிரிக்குமாறு கேட்கலாம். சிகிச்சை செய்பவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றவரா என்று வினவலாம். எக்ஸ்ரே கருவி இருந்தால், 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் உண்டா என்று கேட்கலாம். வண்டி அரசினுடையதாயின், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்து, சுத்திகரிப்புப் பதிவேட்டைக் கோரலாம். 14 வேலை நாட்களுக்குள் அதிகாரி முடிவு தெரிவிக்க வேண்டும். குறை நேர்ந்தால், திகதி, இடம், நடந்தது ஆகியவற்றைக் குறித்துப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும், பல் வைத்தியரின் நடத்தை பற்றியதாயின் மருத்துவச் சபைக்கும் எழுத வேண்டும்.

வண்டி வருமுன்னரே தோட்டக் கமிட்டி கூடி, இக்கேள்விகளை எழுத்தில் அனுப்புவதோடு, சிகிச்சைக்குச் செல்வோர் அன்றைய ‘பேரை’, அதாவது நாட்சம்பளத்தை, இழக்காதிருக்க நிர்வாகத்திடம் உடன்பாடும் பெறுமாயின், வண்டி வந்ததன் பயன் வாயிற் புண்ணோடு மலையேறும் கடைசித் தொழிலாளியையும் சேரும்.