ஒற்றைத் தலைவலியும் இயற்கைச் சிகிச்சைகளும்

தலையின் ஒரு பாதியைப் பற்றிக்கொண்டு வருத்தும் வலியை நம் நாட்டு மருத்துவர்கள் மிகப் பழங்காலத்திலேயே தனி நோயாகப் பிரித்து அறிந்திருந்தனர். சரக சம்ஹிதையும் சுசுருத சம்ஹிதையும் அதனை 'அர்த்தாவபேதகம்' என்று குறிப்பிடுகின்றன. பாதியைப் பிளப்பது என்பது அதன் பொருள். கிரேக்க மருத்துவரான காலன் வழங்கிய 'ஹெமிக்ரேனியா' என்னும் பெயருக்கும் பாதி மண்டை என்றே பொருள். அச்சொல்லே திரிந்து இன்று 'மைக்ரேன்' என வழங்குகிறது. தமிழில் இதனை ஒற்றைத் தலைவலி என்பர். பெயர்கள் யாவும் பாதியையே குறித்தபோதிலும், இந்நோய் உள்ளவர்களில் பலருக்கு இருபுறமும் வலிப்பதுண்டு.

இது அரிதான நோயன்று. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பு விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்தவர்களும் அயல்நாட்டு அறிஞர்களும் கர்நாடக மாநிலத்தில் 2,329 பேரை வீடு வீடாகச் சென்று விசாரித்து, 2015-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஓராண்டுக் காலத்தில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு ஒற்றைத் தலைவலி கண்டிருந்தது; ஆண்களைவிடப் பெண்களிடமே இது மிகுந்திருந்தது. தாக்குதல் ஒன்று நான்கு மணி நேரம் முதல் மூன்று நாள் வரை நீடிக்கும். வலி விண்விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் ஓசையும் பொறுக்கமாட்டா. சிலருக்கு வலி தொடங்குமுன் கண்முன் வளைந்து நெளிந்த ஒளிக்கோடுகள் தோன்றும். முகத்திற்கும் மூளையைச் சூழ்ந்த உறைகளுக்கும் செல்லும் நரம்பு கிளர்ச்சியுற்று, இரத்தக் குழாய்களை விரியச் செய்யும் பொருள்களை வெளியிடுவதே வலிக்குப் பெரிதும் காரணம் என்று இன்று அறியப்பட்டுள்ளது.

மூன்று நாளுக்குள் எவ்வகைச் சிகிச்சையுமின்றித் தானே தணிந்துவிடும் நோய் இது என்பதை முதற்கண் மனத்திற்கொள்ள வேண்டும். நெற்றிக்குச் சுக்குப் பற்றிட்டாலும், மூக்கில் எண்ணெய் விட்டாலும், தாயத்துக் கட்டினாலும், எதுவுமே செய்யாவிடினும் வலி நின்றுவிடும். கடைசியாகச் செய்த சிகிச்சைக்கே புகழ் சேரும். இதற்கு ஊருக்கு ஒரு மருந்து வழங்குவதன் காரணம் இதுவே. மேலும், தாக்குதல்கள் மிக நெருக்கமாக வரும் காலத்தில்தான் மக்கள் புதிய மருந்தைத் தேடுகின்றனர். அதன் பின்னர் அவை இயல்பாகவே குறையுமன்றோ? ஆகவே, ஒரு பிரிவினருக்கு மருந்தையும் மற்றொரு பிரிவினருக்கு அதே தோற்றமுடைய வெற்று மாத்திரையையும் கொடுத்து ஒப்பிட்டாலன்றி மருந்தின் உண்மைப் பயன் விளங்காது. இயற்கை மருந்து என்ற பெயர் பெற்றவையும் இச்சல்லடைக்கு உட்பட்டவையே.

இயற்கையில் கிடைப்பது தீங்கற்றது என்னும் எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இந்நோயின் மருந்துகளே சான்று. 1918-இல் சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டால் என்பவர் பிரித்தெடுத்த எர்காட்டமின் பல்லாண்டுகள் இதற்குரிய முதன்மையான மருந்தாயிருந்தது. அது ரை என்னும் தானியக் கதிரில் பற்றும் எர்காட் பூஞ்சையிலிருந்து கிடைப்பது. கம்பில் தேன் ஒழுகல் நோயை உண்டாக்கும் பூஞ்சை இதற்கு நெருங்கிய உறவுடையது. மத்திய காலத்து ஐரோப்பாவில் எர்காட் கலந்த ரொட்டியை உண்டவர்களின் கைகால்கள் கருகி அழுகி விழுந்தன.

இதனினும் அண்மைக்காலத்தது பட்டர்பர் என்னும் ஐரோப்பியச் செடியின் வரலாறு. இதன் கிழங்குச் சாறு தாக்குதல்களைக் குறைப்பதாகப் பரிசோதனைகளில் தெரியவந்தது. 2012-இல் அமெரிக்க நரம்பியல் கழகம் இதற்கு மிக உயர்ந்த தரம் அளித்துப் பரிந்துரைத்தது. ஆயின் இச்செடியில் ஈரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் இயற்கையாகவே உள்ளன. அவற்றை நீக்கியதாகக் கூறப்பட்ட மருந்துகளைப் பற்றியும் ஐயம் எழவே, 2015-இல் கழகம் தன் பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. இவ்வகை ஆல்கலாய்டுகள் நம் நாட்டிற்குப் புதியவை அல்ல. 1970-களில், அந்நாளில் மத்தியப் பிரதேசத்தில் அடங்கியிருந்த சர்குஜா மாவட்டத்தில், சாமையுடன் கிலுகிலுப்பை இனச் செடியின் விதைகள் கலந்துவிட்டன. அதனை உண்டோர் பலர் வயிறு வீங்கி ஈரல் நோயால் மாண்டனர்.

சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பீவர்பியூ என்னும் செடியின் கசப்பு இலைகளை இங்கிலாந்தில் பலர் நாள்தோறும் மென்று வந்தனர். 1985-இல் வெளியான சிறு பரிசோதனையொன்றில், இலையை நிறுத்தி வெற்று மாத்திரைக்கு மாறியவர்களுக்கு வலி மிகுந்தது. பிற்காலத்துப் பெரிய பரிசோதனையில், வெற்று மாத்திரையினும் கூடுதலாக மாதத்திற்கு 0.6 தாக்குதலே குறைந்தது. பயன் சிறிது, இலையை மெல்வதால் வாய்ப்புண் வரும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

நம் வீடுகளிலுள்ள சுக்கின் நிலை சற்று வேறானது. ஈரானிலுள்ள சஞ்சானில் 100 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2014-இல் வெளியிட்ட பரிசோதனையில், சுக்குப் பொடியை உட்கொண்டவர்களுக்கும் சுமட்ரிப்டான் என்னும் மருந்தை உட்கொண்டவர்களுக்கும் இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரே அளவு தணிவு கண்டது. எனினும் வெற்று மாத்திரைப் பிரிவு அதில் இல்லை. பிரேசிலில் 2020-இல் மூன்று மாதம் நாள்தோறும் இஞ்சிச் சத்து கொடுத்துப் பார்த்தபோது, தாக்குதல் வராமல் தடுப்பதில் அது வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. வலி தொடங்கியதும் ஒரு குவளை சுக்கு நீர் பருகுவதில் தவறில்லை. குமட்டலுக்கேனும் அது நன்று. ஆனால் நெற்றிப் பற்றை அடர்த்தியாக இட்டு இரவெல்லாம் விட்டுவைத்தால் தோல் புண்ணாகும்.

வட மாநிலங்களில் சூரியன் உதிக்குமுன் பாலும் ஜிலேபியும் உண்ணும் வழக்கம் உண்டு. காலைப் பட்டினியைத் தவிர்ப்பதால் இதில் ஓரளவு பயன் விளையலாம். நீரிழிவு உள்ளவருக்கு இது தகாது. இட்லியோ ரொட்டியோ அதே வேலையைச் செய்யும்.

உணவுச் சத்துக்களில் இரண்டு சல்லடையில் தேறியுள்ளன. பெல்ஜியத்தில் 1998-இல் 55 பேருக்கு மூன்று மாதம் நடந்த பரிசோதனையில், நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் ரைபோபிளேவின் பெற்றவர்களுள் 59 சதவிகிதத்தினருக்குத் தாக்குதல்கள் பாதியாகக் குறைந்தன. வெற்று மாத்திரை பெற்றோருள் 15 சதவிகிதத்தினருக்கே அவ்வாறு நேர்ந்தது. இது உணவினால் பெறக்கூடிய அளவன்று. அன்றாடத் தேவையைப் போல் ஏறத்தாழ இருநூறு மடங்கு. சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிடில் மஞ்சள் காமாலையென்று அஞ்சி நிறுத்திவிடுவர். ஜெர்மனியில் 1996-இல் நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் மக்னீசியம் கொடுத்தபோது தாக்குதல்கள் 41.6 சதவிகிதம் குறைந்தன. வெற்று மருந்தால் 15.8 சதவிகிதமே. ஐவரில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. சிறுநீரகக் கோளாறு உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் இதனை உட்கொள்ளலாகாது.

நம் நாட்டிலேயே நடந்து, உலகம் கவனித்த பரிசோதனை யோகத்தைப் பற்றியது. புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் 160 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் மருந்து மட்டும் பெற்றனர். மற்றவர் மருந்துடன் யோகமும் பயின்றனர். மூச்சுப் பயிற்சி, தளர்வுப் பயிற்சி, ஆசனங்கள் ஆகியவற்றை முதல் மாதம் வாரம் மூன்று நாள் ஒரு மணி நேரம் ஆசிரியரிடம் கற்று, அடுத்த இரு மாதங்கள் வீட்டில் வாரம் ஐந்து நாள் செய்தனர். இறுதிவரை நிலைத்தவர் 114 பேர். 2020-இல் வெளியான முடிவுகளின்படி, யோகம் பயின்றோரின் தலைவலி மாதத்திற்கு 9.1 தடவையிலிருந்து 4.7 ஆகக் குறைந்தது, மற்றவர்க்கு 7.7-இலிருந்து 6.8 ஆயிற்று. விழுங்கிய மாத்திரைகளின் எண்ணிக்கையும் முறையே 47, 12 சதவிகிதம் குறைந்தது. யோகத்தை வெற்று மாத்திரைபோல் மறைத்துக் கொடுக்க இயலாது. கணக்கும் நோயாளிகளே சொன்னது. இக்குறைகள் இருப்பினும், செலவற்ற ஒரு துணைச் சிகிச்சையாக இதனைத் தயங்காமல் சொல்லலாம். மருந்துக்கு மாற்றாக அன்று, மருந்துடன் சேர்த்தே இது சோதிக்கப்பட்டது என்பதை மறக்கலாகாது.

ஊசிக்குத்துச் சிகிச்சையில், 2016-இல் வெளியான தொகுப்பாய்வின்படி, நூற்றுக்கு 50 பேருக்குத் தாக்குதல் பாதியாகியது. ஒப்புக்கு ஊசியிட்ட போலிச் சிகிச்சையிலோ 41 பேருக்கு.

எல்லாவற்றினும் செலவு குறைந்தது தூண்டுதல்களை அறிந்து விலக்குவது. விரதம், வேளை தவறிய உணவு, தூக்கக் கேடு, கடுவெயில், வழக்கமான காப்பியைத் திடீரென நிறுத்துதல் ஆகியவை பலருக்குத் தாக்குதலைக் கிளப்பும். தலைக்குக் குளித்தபின் வலி வருவதாக நம் பெண்கள் கூறுவதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. மும்பை மருத்துவர் ஒருவர் அவ்வாறு வலி கண்ட 94 இந்திய நோயாளிகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டுள்ளார். நாள், உணவு, உறக்கம், மாதவிலக்கு, வலி, விழுங்கிய மாத்திரை ஆகியவற்றை மூன்று மாதம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தால் அவரவர்க்குரிய தூண்டுதல் புலப்படும். வேறொன்றும் அதில் தெரியும்: சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து சில மாதம் விழுங்கினால், அம்மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். சுமட்ரிப்டான், எர்காட்டமின் போன்றவற்றிற்கு 10 நாளே வரம்பு. மளிகைக் கடையில் மாத்திரை வாங்கும் கிராமங்களில் களப்பணியாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்நோய் வரும். அவர்களுக்குத் தாக்குதல் இரண்டு மணி நேரத்திலேயே அடங்கக்கூடும், நெற்றி முழுவதும் வலிக்கும், வாந்தி முந்தும். பாடத்திற்கு அஞ்சி நடிப்பதாக ஆசிரியர் எண்ணிவிடலாகாது. காலையில் உண்டதா என்று கேட்டு, நீர் கொடுத்து, இருண்ட அமைதியான அறையில் படுக்க வைத்தால் பெரும்பாலும் போதும். ஆனால் இடி விழுந்தாற்போல் திடீரென வந்த வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, கைகால் சோர்வு, பேச்சுக் குழறல், வலிப்பு, மயக்கம், தலையில் அடிபட்டபின் வந்த வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றிய வலி, கர்ப்பிணிக்கும் அண்மையில் மகப்பேறு கண்டவர்க்கும் வரும் கடுந்தலைவலி ஆகிய எதற்கும் சுக்கும் யோகமும் மருந்தாகா. இத்தகையோரை அன்றே, தாமதமின்றி, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.