செல்பேசிக் கோபுரம்: கதிர்வீச்சு வரம்பு எப்படி வகுக்கப்பட்டது? யார் அளப்பார்கள்?

ஆண்டர்சன்பேட்டை: கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலுக்கு 1902 ஜூன் 30 அன்று மின்சாரம் வந்தது. சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் உற்பத்தியான மின்சாரம், சுமார் 148 கி.மீ. நீளக் கம்பி வழியாகச் சுரங்கங்களை அடைந்தது. பெங்களூரு தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-ல்தான். உயரழுத்தக் கம்பிகளின் அருகே வசிப்போர் எவ்வளவு மின்காந்தப் புலத்துக்கு உட்படலாம் என்பதற்கு அன்று வரம்பு எதுவும் இல்லை.

சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டுவிட்டன. இன்று இந்தக் கேள்வி பெரும்பாலும் செல்பேசிக் கோபுரத்தைப் பார்த்தே எழுகிறது. வீடுகள் நெருங்கிய, மேடுபள்ளமான ஊர்களில் அதற்குக் கூடுதல் பொருளும் உண்டு.

முதலில் ஓர் அடிப்படை வேறுபாடு. எக்ஸ் கதிர் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்து மரபணுவைச் சிதைக்கும் ஆற்றல் கொண்டது. செல்பேசி அலைகளுக்கு அந்த ஆற்றல் இல்லை. அவற்றின் உறுதிசெய்யப்பட்ட விளைவு, உடல் திசுக்களைச் சூடாக்குவதே.

வரம்பும் அதை வைத்தே வகுக்கப்பட்டது. உடலின் ஒவ்வொரு கிலோ எடையும் சராசரியாக 4 வாட் ஆற்றலை உள்வாங்கினால் உடல் வெப்பநிலை சுமார் 1 டிகிரி உயரக்கூடும். அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 1998-ல் வெளியிட்ட நெறிமுறைகளில், இந்த அளவை 10-ல் ஒரு பங்காகக் குறைத்து, அவ்வலைகளுக்கிடையே பணிபுரியும் தொழிலாளர்களுக்கும், 50-ல் ஒரு பங்காகக் குறைத்துப் பொதுமக்களுக்கும் நிர்ணயித்தது. குழந்தைகள், முதியோர், நோயாளிகள் ஆகியோரைக் கருதியே பொதுமக்களுக்கு இந்தக் கூடுதல் கட்டுப்பாடு. எனவே வரம்பைச் சற்றுத் தாண்டிய உடனே நோய் வரும் என்று கொள்வது தவறு. அதற்காக வரம்பு மீறலை அலட்சியப்படுத்தவும் முடியாது.

இந்தியா இன்னும் ஒரு படி இறங்கியது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சர்வதேச வரம்பு சதுர மீட்டருக்கு 4.5 வாட். மத்திய தொலைத்தொடர்புத் துறை 2012 செப்டம்பர் 1 முதல் அதை 0.45 வாட்டாக, அதாவது பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 1800 மெகாஹெர்ட்ஸுக்கு இது 0.9 வாட். புதிய ஆபத்து ஏதும் நிரூபிக்கப்பட்டதால் எடுத்த முடிவல்ல இது; முன்னெச்சரிக்கை நடவடிக்கை.

கோபுரத்துக்கு நேர் கீழே உள்ள வீடுதான் அதிகம் பாதிக்கப்படும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மை பெரும்பாலும் வேறு. ஆன்டெனா, கலங்கரை விளக்கம்போல ஏறத்தாழ கிடைமட்டமாக, சற்றே கீழ்நோக்கி அலைகளை வீசுகிறது. ஆகவே கவனிக்க வேண்டியது, ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் உள்ள மாடியைத்தான். மேட்டில் உள்ள வீடு, பள்ளத்தில் நிற்கும் கோபுரத்தின் ஆன்டெனாவுக்கு நேர் எதிரே அமைந்துவிடக்கூடும். தொலைத்தொடர்புத் துறையின் 2013 வழிகாட்டுதல்கள், ஆன்டெனாவுக்கு நேர் எதிரே அதே உயரத்தில் உள்ள கட்டடத்துக்கு, ஓர் ஆன்டெனா எனில் 20 மீட்டர், நான்கு எனில் 45 மீட்டர் இடைவெளியைக் குறிப்பிட்டன. அலைவீச்சின் பாதையில் தொலைவு இரட்டிப்பானால் அடர்த்தி நான்கில் ஒரு பங்காகிவிடும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பெரும்பாலானோரின் தலைக்கு அதிக அலைகளைத் தருவது கோபுரமல்ல, காதில் வைத்திருக்கும் கைப்பேசியே. கோபுரம் தொலைவில் இருந்து சிக்னல் பலவீனமானால், கைப்பேசி கூடுதல் திறனுடன் அலைகளை அனுப்ப வேண்டியிருக்கும். கோபுரத்தை ஊருக்கு வெளியே தள்ளுவது எல்லோருக்கும் பாதுகாப்பாகிவிடாது. கைப்பேசிக்கான இந்திய வரம்பு, ஒரு கிராம் திசுவின் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட். பல கைப்பேசிகளில் *#07# என அழுத்தினால் அந்தக் கருவிக்கான அளவு திரையில் தெரியும்.

ஐயத்துக்கு இடமே இல்லை என்று கூற முடியாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2011-ல் ரேடியோ அலைகளைப் புற்றுநோயை ஏற்படுத்தும் சாத்தியம் உள்ளவை எனும் 2பி பிரிவில் சேர்த்தது. சான்று போதுமானதல்ல, ஆயினும் புறக்கணிக்க இயலாது என்பதே இதன் பொருள். மின்கம்பிகளிலிருந்து எழும் காந்தப் புலம் 2002-லேயே இதே பிரிவில் இடம்பெற்றது. மின்கம்பிப் புலத்துக்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கும் புள்ளிவிவரத் தொடர்பு காணப்பட்டதே அதற்குக் காரணம். அதுதான் நோயை உண்டாக்குகிறது என்று உறுதியாகவில்லை.

சந்தேகம் உள்ளவர்கள் அளந்து பார்க்கக் கோரலாம். 2017 மே மாதம் தொடங்கப்பட்ட 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் அருகிலுள்ள கோபுரங்களின் விவரத்தையும் அவை வரம்புக்கு உட்பட்டுள்ளனவா என்பதையும் காணலாம். தாங்கள் வசிக்கும் இடத்தில் அளவீடு செய்ய விண்ணப்பிக்கும் வசதியும் அதில் உண்டு. தொடங்கப்பட்டபோது இதற்கான கட்டணம் ரூ.4,000. வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று. தெருவாசிகள் பகிர்ந்து செலுத்தி, ஆன்டெனாவுக்கு நேர் எதிரே உள்ள மாடியில் அளக்கக் கோருவதே பயனளிக்கும். அளவீட்டை நடத்துவது தொலைத்தொடர்புத் துறையின் களப் பிரிவு; கோபுரம் அமைத்த நிறுவனம் அல்ல.