கேட்டால் கொடுக்கும் பெட்டி

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். பந்தலில் பத்துப் பேர் இருந்தாலும் ஆயிரம் பேர் இருந்தாலும் அதற்கு ஒரே வேலைதான். வேறு பாட்டு வேண்டும் என்று அதனிடம் நாம் சொல்ல முடியாது. கேட்பவர் யார் என்று அதற்கும் தெரியாது. தொலைபேசி அப்படியன்று. நாம் கேட்டதற்கு அதில் பதில் வரும். ஆனால் ஆயிரம் பேர் பேச வேண்டுமானால் ஆயிரம் இணைப்புகள் வேண்டும்.

வானலை வழியாகவும் துணைக்கோள் வழியாகவும் வரும் தொலைக்காட்சி, ஒலிபெருக்கியைப் போன்றது. டி.வி.யின் பின்புறம் செருகப்படும் ‘ஸ்ட்ரீமிங் பெட்டி’யோ தொலைபேசியைப் போன்றது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். அப்பெட்டியின் நிறைகளையும் குறைகளையும் நாமே சொல்லிவிடலாம்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

2008-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரோக்கு நிறுவனம் 99 டாலர் விலையில் ஒரு சிறு பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நெட்ஃபிளிக்ஸ் படங்களை டி.வி.யில் காட்டுவது ஒன்றே அதன் தொடக்க காலப் பணி. 2013-இல் கூகுள் நிறுவனத்தின் குரோம்காஸ்ட் 35 டாலருக்கு வந்தது. அது விரல் நீளமே இருந்தது. 2014-இல் அமேசானின் ஃபயர் டி.வி. வந்தது.

இவை எல்லாமே சின்னஞ்சிறு கணினிகள்தாம். கணக்கிடும் சில்லு ஒன்று, நினைவகம், வைஃபை வானொலி, சுருக்கப்பட்ட படத்தை விரிக்கும் பகுதி ஆகியவை உள்ளே இருக்கின்றன. எச்.டி.எம்.ஐ. துளை உள்ள பழைய டி.வி.யாக இருந்தாலும் போதும். திரை நன்றாக இருக்கும்போது புது டி.வி. வாங்க வேண்டியதில்லை. இது முதல் நிறை.

இருநூற்றைம்பதில் ஒரு பங்கு

முழு எச்.டி. திரையில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள் வேண்டும். வினாடிக்கு 25 படங்கள் என்று கொண்டால், ஒரு வினாடிக் காட்சிக்கு ஏறத்தாழ 124 கோடி பிட்டுகள் ஆகின்றன! ஆனால் இத்தகைய காட்சிக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகம் வினாடிக்கு 50 இலட்சம் பிட்டுகள் மட்டுமே. இது ஏறக்குறைய 250-இல் ஒரு பங்கு. மீதி எங்கே போயிற்று?

கிரிக்கெட் ஆட்டம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மட்டையாளர் அசைகிறார், புல்தரை அசைவதில்லை. அசையாத பகுதியை ஒவ்வொரு முறையும் அனுப்புவானேன்? மாறியதை மட்டும் அனுப்பினால் போதும். அடுத்து, ஒரே படத்திற்குள்ளும் சிக்கனம் செய்யலாம். படத்தைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்தையும் பல கொசைன் அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதுகிறார்கள். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய அலைகளை விட்டுவிடுகிறார்கள்.

இம்முறையை வகுத்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972-இல் இந்த ஆய்வுக்காக அவர் கேட்ட நிதியுதவியை அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனம் மறுத்துவிட்டது. அவர் விடவில்லை. நடராஜன், ராவ் ஆகிய இருவருடன் சேர்ந்து 1974-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். நீங்கள் முக்கோணவியலில் படிக்கும் அதே கொசைன்தான் இன்று உலகின் திரைகளை நிரப்புகிறது.

இந்தச் சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அருவி, கொட்டும் மழை, பறக்கும் காகிதத் துணுக்குகள் போன்ற காட்சிகளில் திரை முழுவதும் மாறிக்கொண்டே இருக்கும். அப்போது இணைய வேகம் குறைவாக இருந்தால் படம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

மழையும் நெரிசலும்

வீட்டுக்கூரையில் உள்ள தட்டு, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் துணைக்கோளிலிருந்து அலைகளைப் பெறுகிறது. அவை ஏறத்தாழ 12 கிகாஹெர்ட்சு அதிர்வெண் கொண்டவை, அலைநீளம் 2.5 சென்டிமீட்டர். இவ்வளவு குறுகிய அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் வலுவிழக்கச் செய்கின்றன. அதனால்தான் கனமழையில் படம் நின்றுபோகிறது. ஒளியிழையில் வரும் இணையத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. இது இரண்டாவது நிறை.

ஆனால் துணைக்கோளுக்கு நெரிசல் கிடையாது. ஒரு வீடு பார்த்தாலும் ஒரு கோடி வீடுகள் பார்த்தாலும் அது ஒரே அலையைத்தான் அனுப்புகிறது. ஸ்ட்ரீமிங் முறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிப் பிரதி போகவேண்டும். ஆகவே காட்சியைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் உயர்ந்த தரம், நடுத்தரம், குறைந்த தரம் எனப் பலவாறு தயாரித்து வைக்கிறார்கள். இணையம் வேகமாக இருந்தால் பெட்டி உயர்ந்த தரத்தைக் கேட்கும், தளர்ந்தால் இறங்கிவரும். படம் நிற்காமலிருக்கச் சில துண்டுகளை முன்னதாகவே வாங்கிச் சேர்த்தும் வைத்துக்கொள்ளும்.

இந்தச் சேமிப்பினால் நேரடி ஒளிபரப்பு தாமதமாகிறது. துணைக்கோளுக்குச் சென்று திரும்ப அலைக்கு ஏறத்தாழ கால் வினாடியே ஆகும். ஸ்ட்ரீமிங்கில் பல வினாடிகள், சில வேளைகளில் அரை நிமிடம்கூட ஆகலாம். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டுமுன்பே அடுத்த வீட்டில் கைதட்டல் கேட்பது இதனால்தான்!

செலவையும் கணக்கிடுவோம். வினாடிக்கு 50 இலட்சம் பிட்டுகள் என்றால் மணிக்கு 2.25 கிகாபைட். நாளொன்றுக்கு 2 கிகாபைட் தரும் செல்பேசித் திட்டத்தை நம்பிப் பெட்டியை இயக்கினால், 53 நிமிடங்களில் அன்றைய பங்கு தீர்ந்துவிடும்.

மறுமுனை மௌனமானால்?

தொலைபேசியில் மறுமுனையில் ஆள் இருந்தால்தானே பேச முடியும்? 2025 மார்ச் 9-ஆம் நாள் உலகின் பல நாடுகளில் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட் கருவிகள் திடீரென வேலை செய்யவில்லை. கருவியில் எந்தப் பாகமும் பழுதாகவில்லை. அதன் அடையாளத்தை உறுதிசெய்யும் மின்னணுச் சான்றிதழ் ஒன்று காலாவதியாகிவிட்டது, அவ்வளவே! சில நாள்களில் கூகுள் திருத்தத்தை அனுப்பிய பிறகே அவை மீண்டும் இயங்கின. அனுப்ப ஆள் இல்லாதிருந்தால், நல்ல நிலையில் உள்ள கருவிகள் குப்பைக்கே போயிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. நாம் கேட்பது மறுமுனைக்குத் தெரிகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் ரோக்கு, ஃபயர் டி.வி. பெட்டிகளில் தலா 1000 செயலிகளைச் சோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டனர். பயனரைப் பின்தொடரும் நிரல்கள் ரோக்குவில் 69 விழுக்காட்டுச் செயலிகளிலும் ஃபயர் டி.வி.யில் 89 விழுக்காட்டிலும் இருந்தன. ஒலிபெருக்கி நம்மை வேவு பார்ப்பதில்லை. இந்தப் பெட்டி பார்க்கக்கூடும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

வீட்டு இணையத்தின் வேகம் என்ன? மாத அளவு எவ்வளவு? மென்பொருள் திருத்தங்கள் எத்தனை ஆண்டுகள் வரும்? பின்தொடர்தலை நிறுத்த அமைப்பில் வழி இருக்கிறதா? வீட்டில் பெட்டி வாங்கும் பேச்சு எழுந்தால், விலையைப் பார்ப்பதற்கு முன் இந்த நான்கு வினாக்களையும் பெரியவர்களிடம் எழுப்புங்கள்.

ஒரு சோதனையும் செய்து பாருங்கள். ஒரே நேரடி நிகழ்ச்சியைத் தட்டு வழியாக ஒரு டி.வி.யிலும், இணையம் வழியாக ஒரு செல்பேசியிலும் ஓடவிடுங்கள். ஒரே காட்சி இரண்டிலும் தோன்றும் நேரங்களை நிறுத்து கடிகாரத்தால் ஐந்து முறை அளந்து, வேறுபாட்டின் சராசரியைக் காணுங்கள். வழியில் எத்தனை துண்டுகள் காத்திருக்கின்றன என்பதை அந்த எண்ணிலிருந்து ஊகிக்க முடிகிறதா, பாருங்கள்.