விண்வெளி நாயகனுக்கு இரண்டு வலது கைகள்: வீரக் கதையைப் பகடியாக்கிய நாவல்

கோள் முழுவதும் ஒரே நகரமாக இருந்தால், அங்கு சேரும் குப்பையை எங்கே கொட்டுவது? ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ (1951) நூலில் வரும் தலைநகரக் கோளான டிரான்டரில் 4,000 கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். அதைப் போன்ற ஒரு கோளைப் படைத்து, இந்தக் கேள்வியை எழுப்பியவர் அமெரிக்க எழுத்தாளர் ஹாரி ஹாரிசன். 1965-இல் வெளியான ‘பில், த கேலக்டிக் ஹீரோ’ என்ற அவரது நாவலில், துப்புரவுத் துறைக்கு வந்து சேரும் படைவீரன் பில் ஒரு தீர்வு கூறுகிறான்: குப்பையைப் பொட்டலம் கட்டி, முன்பின் அறியாதவர்களின் முகவரிகளுக்கு அஞ்சலில் அனுப்பிவிடலாம்.

எனினும், நாவலின் முதன்மை இலக்கு அசிமோவ் அல்லர், ராபர்ட் ஹைன்லைன். ஹியூகோ விருது பெற்ற அவரது ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ (1959), ராணுவப் பயிற்சி ஓர் இளைஞனைப் பொறுப்புள்ள குடிமகனாக்குவதை விவரிக்கிறது. அந்தச் சமூகத்தில் அரசுக்குப் பணியாற்றி முடித்தவர்களுக்கே வாக்குரிமை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ விமானப் படையில் பணியாற்றிய ஹாரிசனுக்கு ராணுவ வாழ்க்கை வேறு விதமாகத் தெரிந்தது.

பில் ஒரு கிராமத்து இளைஞன். உரமிடும் தொழில்நுட்பம் கற்பதே அவனது கனவு. மயக்க மருந்து கலந்த பானத்தைக் கொடுத்து அவனைப் படையில் சேர்த்துவிடுகின்றனர். எதிரிகள் 7 அடி உயரப் பல்லி மனிதர்கள் என்கிறது அரசுப் பிரசாரம். உண்மையில் அவர்களின் உயரம் 7 அங்குலம். போரில் இடது கையை இழக்கும் பில்லுக்கு, இறந்துபோன தோழனின் வலது கையைப் பொருத்துகின்றனர். வெறும் மிகைப்படுத்தலாக இதை ஒதுக்கிவிட முடியாது. இருப்பில் உள்ளதைக் கொண்டு கணக்கை நேர்செய்யும் அலுவலக நடைமுறையை அறிந்தவர்களுக்கு இந்தக் கை வியப்பளிக்காது.

பகடிக்கு ஓர் ஆபத்தும் உண்டு; அதை நேர்ப்பொருளில் புரிந்துகொள்வோர் இருக்கக்கூடும். ஹைன்லைனின் நாவலை இயக்குநர் பால் வெர்ஹோவன் 1997-இல் எள்ளல் படமாக்கியபோது, அது ராணுவ வெறியைப் போற்றுவதாகவே சில விமர்சகர்கள் எழுதினர்.

ஹாரிசனின் இறுதிக் காட்சி அதற்கு இடமளிக்கவில்லை. இப்போது படைக்கு ஆள் சேர்க்கும் பணியில் இருக்கும் பில், தன் சொந்த ஊருக்கு வருகிறான். தாய் தடுத்தும் கேளாமல், சொந்தத் தம்பியையே படையில் சேர்க்கிறான். அதற்கு ஈடாக அவனது பணிக்காலத்தில் ஒரு மாதம் குறைகிறது.