பலகையும் போட்டோவும்

மாடிவீட்டுப் பெண் பி.எஸ்சி. ஐ.டி. இரண்டாம் ஆண்டு. ஞாயிறு மாலை டீ நேரத்துக்கு லேப்டாப்போடு வந்தாள். “மாமா, ஸ்விஃப்ட்ல கிளாஸும் இருக்கு, ஸ்ட்ரக்டும் இருக்கு. ரெண்டுக்குள்ளயும் ஒரே மாதிரிதான் எழுதுறோம். அப்புறம் எதுக்கு ரெண்டு?”

இந்த மொழியில் பொருள்நோக்கு நிரலாக்கம் படிக்கிறவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. மரபுரிமை அப்புறம் வரட்டும்.

டோம்பிவிலி ஸ்டேஷனில் ரயில் நேரம் காட்டும் இண்டிகேட்டர் பலகையை நினைத்துக்கொள் என்றேன். ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், பலகை ஒன்றுதான். அதில் நேரம் மாறினால் அத்தனை பேர் கண்ணுக்கும் மாறும். அது கிளாஸ். அதே பலகையை நீ போட்டோ எடுத்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாய். பிறகு பலகை எப்படி மாறினாலும் அம்மா கையிலிருக்கும் படம் மாறாது. அது ஸ்ட்ரக்ட்.

உடனே எழுதிப் பார்த்தோம். ஸ்விஃப்டில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். ‘வண்டி’ என்று ஒரு கிளாஸ், அதற்குள் ‘தாமதம்’ என்று ஓர் எண், தொடக்கத்தில் 0. ‘அ’ ஒரு வண்டி. ‘ஆ’வில் ‘அ’வைப் போட்டோம். ஆ.தாமதத்தை 12 ஆக்கி, அ.தாமதத்தை அச்சிட்டால் 12. கிளாஸ் என்ற ஒரு சொல்லை மட்டும் ஸ்ட்ரக்ட் என்று மாற்றி ஓட்டினோம். 0. அவள் நம்பாமல் இன்னொரு முறை ஓட்டினாள்.

இந்த வித்தியாசம் பிடிபடாமல் நான் ஒரு ராத்திரி முழுக்க விழித்திருக்கிறேன். ஒரு திரையில் திருத்திய எண் வேறொரு திரையில் தானாக மாறிக்கொண்டே இருந்தது. ஸ்விஃப்டின் அரே, ஸ்ட்ரிங், டிக்‌ஷனரி மூன்றும் ஸ்ட்ரக்ட்தான் என்பதன் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது.

மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் எளிதாக வரும். பலகையை எல்லோரும் படிக்கலாம், மாற்றும் உரிமை ரயில்வேக்கு மட்டும். இது உறைபொதிவு, ‘பிரைவேட்’ என்ற சொல் இதற்குத்தான். லோக்கல் ரயிலுக்கு ‘லோக்கல்’ என்று ஒரு கிளாஸ், அதிலிருந்து ஸ்லோவும் ஃபாஸ்டும் பிறக்கின்றன. ஸ்லோ கோபர், திவா, மும்ப்ரா, கல்வா என்று நின்று நின்று தானே ஸ்டேஷனுக்குப் போகும். ஃபாஸ்ட் பெரும்பாலும் இவற்றைத் தாண்டிவிடும். பெற்றோரின் நடத்தையை மாற்றும்போது ‘ஓவர்ரைடு’ என்று வெளிப்படையாக எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கம்பைலர் விடாது. மரபுரிமை கிளாஸுக்கு மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு பெற்றோர்.

ரயிலும் கேடிஎம்டி பஸ்ஸும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. ஆனால் இரண்டும் நிற்கும், ஆள் ஏற்றும். இந்தப் பொதுத் தொழிலை மட்டும் எழுதிவைப்பது புரோட்டோகால். கிளாஸ், ஸ்ட்ரக்ட் இரண்டுமே அதை ஏற்கலாம். 2014 ஜூன் 2 அன்று ஆப்பிள் ஸ்விஃப்டை அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டு ஆப்பிள் மாநாட்டிலேயே அதன் பொறியாளர் டேவ் ஆபிரகாம்ஸ், கிளாஸைவிடப் புரோட்டோகாலில் தொடங்குங்கள் என்று வாதாடினார். ஸ்விஃப்டின் முகமே அந்தப் பேச்சுதான் என்பேன்.

கிளம்பும்போது கேட்டாள்: “இதுக்கு மேக் வாங்கணுமா மாமா? அப்பாகிட்ட எப்படிக் கேக்குறது?”

கற்றுக்கொள்ள மேக் வேண்டாம் அம்மா. ஐபோன் செயலி செய்து வெளியிடும்போதுதான் பெரும்பாலும் மேக் தேவைப்படும். ஸ்விஃப்ட் 2015 டிசம்பரிலிருந்து திறந்த மூலம். லினக்ஸில் அப்போதே ஓடியது, 2020 முதல் விண்டோஸுக்கும் அதிகாரபூர்வமாக வருகிறது. உன் லேப்டாப் போதும், இலவசமாக இறக்கிக்கொள்.