மூளையின் வாய்க்காலும் வடிகாலும்

கழனிக்கு நீர் பாய்ச்சும் உழவர் இருவகை வழிகளைப் பேணுவர். நீர் உள்ளே வருதற்கு அமைந்தது வாய்க்கால். மிகுந்த நீர் வெளியே செல்லுதற்கு அமைந்தது வடிகால். வாய்க்கால் வறண்டால் பயிர் வாடும். வடிகால் தூர்ந்தால் பயிர் அழுகும். நீர் வாராமையால் நேரும் கேட்டை யாவரும் உடனே உணர்வர். நீர் வடியாமையால் நேரும் கேட்டையோ பலர் காலங்கடந்தே உணர்வர். நம் உடம்பின் தலைமை உறுப்பாகிய மூளைக்கும் இவ்விருவகை வழிகளும் உள. அவற்றின் இயல்பையும், வடிகால் அடைபடுங்கால் தோன்றும் நோயையும் இப்பாடத்தில் காண்போம்.

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் நிறையுடையது. உடம்பின் நிறையில் அது நூற்றில் 2 பங்கே. எனினும், நாம் ஓய்ந்திருக்கும்போது உடம்பு கொள்ளும் பிராணவாயுவில் நூற்றுக்கு 20 பங்கை மூளையே ஏற்கின்றது. அதற்காக நிமிடந்தோறும் ஏறக்குறைய 750 மில்லிலிட்டர் குருதி மூளைக்குள் பாய்கின்றது. நாளைக்கு வேண்டுமென்று சேர்த்துவைக்கும் களஞ்சியம் மூளைக்கு இல்லையென்றே சொல்லலாம். குருதி முற்றும் நின்றால் சில விநாடிகளில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் மூளையின் உயிரணுக்கள் மாயத் தொடங்கும்.

குருதியை மூளைக்குக் கொண்டுசெல்லும் பெருந்தமனிகள் நான்கு. கழுத்தின் முன்புறமாக இரண்டும், முதுகெலும்புத் தொடரை ஒட்டி இரண்டும் மேலேறுகின்றன. மூளையின் அடிப்பகுதியில் இவை ஒன்றோடொன்று கூடி ஒரு வளையமாக அமைகின்றன. ஒரு வழி குறைந்தால் மற்றொரு வழி ஈடு செய்தற்கு இவ்வளையம் துணையாகும். தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1664-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனைத் தெளிவாக விளக்கினார். அவர் பெயராலேயே அவ்வளையம் இன்றும் வழங்குகின்றது.

நாம் படுக்கும்போதும் எழும்போதும் ஓடும்போதும் குருதியின் அழுத்தம் ஏறியும் இறங்கியும் மாறுகின்றது. அதற்கேற்ப மூளைக்குச் செல்லும் குருதியும் பெருகிக் குறையுமாயின் நாம் ஒரு நாளும் நலமுற வாழ்தல் இயலாது. அங்ஙனம் நேராதபடி சிறு தமனிகளின் சுவரிலுள்ள தசைகள் காக்கின்றன. அழுத்தம் ஏறினால் அவை சுருங்கிக் குருதியைத் தடுக்கும். இறங்கினால் விரிந்து குருதியை மிகுதியாக விடும். மதகின் பலகையை ஏற்றியும் இறக்கியும் நீரை அளந்துவிடும் காவலன் தொழில் இது. டென்மார்க்கு நாட்டு அறிஞர் லாசென் 1959-ஆம் ஆண்டில், சராசரிக் குருதியழுத்தம் 60 முதல் 150 மில்லிமீட்டர் பாதரசம் வரையில் மாறினும் மூளைக்குச் செல்லும் குருதி ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும் என்று எடுத்துக்காட்டினார். இவ்வெல்லை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்றும், லாசென் கருதியதினும் குறுகியது என்றும் பின்வந்த ஆய்வாளர் கூறுவர்.

இனி வடிகாலைக் காண்போம். மூளையில் ஓடித் தன் தொழில் முடித்த குருதி சிறு சிரைகளில் சேர்ந்து, மூளையைப் போர்த்துள்ள தடித்த உறையினுள் அமைந்த பெருவழிகளை அடைகின்றது. அவ்வழிகளிற் சில தலையின் பின்புறத்தில் ஒன்றுகூடுகின்றன. பின்னர் அக்குருதி கழுத்திலுள்ள பெருஞ்சிரைகளின் வழியாக இதயத்திற்கு மீள்கின்றது. இவ்வடிகால்களின் சுவரில் தசை மிகக் குறைவு. ஆதலின் தமனிகளைப்போலச் சுருங்கியும் விரிந்தும் ஓட்டத்தை ஆளும் ஆற்றல் இவற்றிற்கு இல்லை. காவலன் வாய்க்காலின் தலைப்பில் நிற்கின்றான். வடிகாலின் வாயில் நிற்பவர் எவருமிலர்.

மற்றோர் உண்மையையும் இங்கே கருதல் வேண்டும். வயிறு நிறைந்தால் விரியும், மண்டையோடு விரியாது. அதனுள் மூளையும், குருதியும், மூளையைச் சூழ்ந்த நீரும் அடங்கியுள்ளன. இம்மூன்றனுள் ஒன்று பெருகினால் மற்றொன்று குறைதல் வேண்டும். இன்றேல் உள்ளழுத்தம் ஏறும். ஸ்காத்லாந்து நாட்டு அறிஞர்களான மன்றோ 1783-ஆம் ஆண்டிலும், கெல்லி 1824-ஆம் ஆண்டிலும் இக்கருத்தை உரைத்தனர்.

இப்போது வடிகாலாகிய சிரையொன்றில் குருதி உறைந்து அடைத்துக்கொண்டது என்று கொள்வோம். பின்னால் வரும் குருதி வழியின்றித் தேங்கும். அத்தேக்கம் பின்னோக்கி ஏறி நுண்ணிய தந்துகிகளை எட்டும். அவற்றின் சுவர்வழியே நீர் கசிய, மூளை வீங்கும். மூளையைச் சூழ்ந்த நீரும் செவ்வனே வடியாது. ஆகவே மண்டையோட்டினுள் அழுத்தம் உயரும். தமனியின் சராசரி அழுத்தம் 90 ஆகவும், மண்டையோட்டின் உள்ளழுத்தம் 10 ஆகவும் இருந்தால், குருதியைச் செலுத்தும் விசை 80 ஆகும். உள்ளழுத்தம் 40 ஆக உயர்ந்தால் அவ்விசை 50 ஆகக் குறையும். குறைவை உணர்ந்த தமனிகள் தம் இயல்பின்படி விரிகின்றன. விரிந்த குழாய்களில் குருதி மேலும் நிறையும். வெளியேற வழியின்மையால் உள்ளழுத்தம் பின்னும் ஏறும். வடிகால் தூர்ந்திருக்க, மதகை அகலத் திறந்தவன் செயல்போல, காக்க எழுந்த முயற்சியே கேட்டை வளர்ப்பதாகின்றது.

இந்நோய் பெரும்பாலும் மெல்ல வளர்வது. பக்கத்துச் சிரைகள் சில நாள் சுமையைத் தாங்கும். ஆதலின் தலைவலியே முதற்குறியாகத் தோன்றி நாளுக்கு நாள் மிகும். பின்னர் வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, கைகால் தளர்ச்சி, நினைவு மயக்கம் ஆகியவை தொடரலாம். எம்.ஆர்.ஐ. போன்ற படங்களால் மருத்துவர் அடைப்பைக் கண்டறிவர்.

இதற்குத் தரும் மருந்து ஹெப்பாரின் என்பது. 1916-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் மருத்துவ மாணவராக இருந்த ஜே மெக்லீன் செய்த ஆய்விலிருந்து அது பிறந்தது. குருதி மேலும் உறையாமல் அது தடுக்கும். ஆனால், தேக்கத்தின் மிகுதியால் சிலருக்கு மூளையினுள் குருதி கசிந்திருக்கும். கசிவு உள்ளவர்க்கு உறைதலைத் தடுக்கும் மருந்தைத் தரலாமா என மருத்துவர் நெடுங்காலம் அஞ்சினர். 1991-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர்கள் 20 நோயாளரிடம் செய்த ஆய்வை வெளியிட்டனர். ஹெப்பாரின் பெற்ற 10 பேரில் ஒருவரும் இறந்திலர். எண்மர் முற்றும் நலம்பெற்றனர். அம்மருந்து பெறாத 10 பேரில் மூவர் இறந்தனர். கரை உடைந்தது வடிகால் அடைபட்டதனால் ஆயின், வடிகாலைத் திறப்பதே கரையைக் காக்கும் வழி என்பது இதனால் விளங்கிற்று. இன்று கசிவு உள்ளவர்க்கும் மருத்துவர் இம்முறையையே மேற்கொள்கின்றனர்.

இந்நோய் நம் நாட்டில் பிள்ளை பெற்ற தாய்மாரைத் தாக்குவதை மருத்துவர் பலர் எழுதியுள்ளனர். மகப்பேற்றின்போது குருதி மிகுதியாகப் போகாமல் காத்தற்கு, அக்காலத்தில் குருதியின் உறையும் தன்மை இயற்கையிலேயே மிகுகின்றது. அந்நிலையில் உடம்பில் நீர் வற்றினால் உறைவு எளிதில் நேரும். பச்சையுடம்புக்குத் தண்ணீர் ஆகாது, குடித்தால் வயிறு பெருக்கும் என்று சொல்லி, தாகத்தால் வருந்தும் தாய்க்கு நீரை மறுக்கும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. அன்பினால் செய்வதாயினும் அது தீங்கு பயப்பதே. மகப்பேற்றுக்குப் பின் தலைவலி விடாது மிகுமாயின், அதைக் குளிர் என்றும் உறக்கமின்மை என்றும் தள்ளாது, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். காதில் சீழ் வடிதலை நெடுநாள் கவனியாது விடுவதும் இந்நோய்க்கு இடந்தரும்.

மாணவர்களே! உங்கள் இல்லத்திலும் ஒரு நாள் மகப்பேறு நிகழும். அப்போது தாய் தண்ணீர் கேட்டால் நீங்களே எடுத்துக் கொடுங்கள். மறுக்கும் மூத்தோர்க்கு, வாய்க்காலைக் காப்பதுபோல வடிகாலையும் காத்தல் வேண்டும் என்பதைப் பணிவோடு எடுத்துரையுங்கள். உழவை அறிந்த நம்மவர்க்கு அவ்வுண்மை புதியதன்று.