நடுங்காத விளிம்பு

பள்ளிக்கூடத்தில் ஸ்கேலை மேசையின் ஓரத்தில் வைத்து, ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறுகையால் அதன் நுனியைத் தட்டிவிட்டு விளையாடாதவர்கள் யார்? நீளமாக நீட்டியிருந்தால் ஸ்கேல் தொளதொளவென்று ஆடும். உள்ளே இழுக்க இழுக்க ஆட்டம் அடங்கும், சத்தம் மெலிந்து கீச்சிடும். ஒரு விரற்கடை மட்டும் வெளியே நின்றால் அசைப்பதே பெரும்பாடு. ஒற்றை விளிம்பு ரேசரை வடிவமைக்கும் பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதும் இதே விளையாட்டில்தான். மெல்லிய எஃகுத் தகட்டை எங்கே பிடிப்பது, எவ்வளவு வெளியே விடுவது?

விதி எளிது, விளைவுதான் மிரட்டுகிறது. பிடிமானத்துக்கு வெளியே நிற்கும் நீளத்தைப் பாதியாக்கினால் தகட்டின் விறைப்பு இரண்டு மடங்கு கூடும் என்றுதான் மனம் சொல்லும். உண்மையில் எட்டு மடங்கு கூடுகிறது. தடிமனை இரட்டித்தாலும் அதே எட்டு மடங்கு. நம் பெட்டிக்கடைகளில் கிடைக்கும் இருபக்க பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு நோட்டுத்தாள். ‘ஜெம்’ வகை ஒற்றை விளிம்பு பிளேடின் தடிமன் 0.23 மில்லிமீட்டர். தடிமனில் இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேல். விறைப்பிலோ 12 மடங்கு.

விறைப்பு எதற்கு? பிளேடின் நுனி ஒரு முடியில் மோதும்போது முதலில் கொஞ்சம் பின்னால் வளைகிறது. முடி அறுந்ததும் விடுபட்டுத் துள்ளுகிறது. அடுத்த முடியில் மறுபடியும் வளைவு, மறுபடியும் துள்ளல். இந்த நடுக்கத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. சவரம் முடிந்து முகம் கழுவும்போது தோல் எரிந்து காட்டிக்கொடுக்கும்.

ஆரம்பத்தில் இந்தத் தொல்லையே இல்லை. 1880இல் நியூயார்க்கின் காம்ப்ஃபே சகோதரர்கள் காப்புரிமை வாங்கிய ‘ஸ்டார்’ ரேசரில் இருந்தது, பழைய சவரக்கத்தியிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்ததுபோன்ற தடித்த ஆப்பு வடிவ பிளேடு. அது நடுங்காது. ஆனால் அடிக்கடி தோல்வாரில் தீட்ட வேண்டும். கிங் கேம்ப் ஜில்லெட் தீட்டும் வேலையையே ஒழிக்க நினைத்தார். மலிவான தகட்டு எஃகில் பிளேடு செய்து, மழுங்கியதும் எறிந்துவிடலாம் என்பது அவருடைய யோசனை. அவ்வளவு மெல்லிய தகட்டைக் கடினமாக்கிக் கூரேற்றும் வழியைக் கண்டுபிடித்தவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். ரேசரில் அச்சிடப்பட்ட பெயர் மட்டும் ஜில்லெட்டுடையது; இப்படித்தான் பல நேரங்களில் நடக்கிறது. 1903இல் விற்பனைக்கு வந்தபோது அந்த ஆண்டு முழுக்க விற்றவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள். அடுத்த ஆண்டு ரேசர் விற்பனை 90,000ஐத் தாண்டியது. தகடு மெல்லியது, நடுங்கும். அதற்கு ஜில்லெட் கண்ட வைத்தியம் அழகானது: மேல்மூடிக்கும் அடித்தட்டுக்கும் இடையில் பிளேடை வில்லாக வளைத்துப் பிடித்தார். வளைந்த தகடு நெட்டுவாக்கில் விறைத்து நிற்கும்.

ஒற்றை விளிம்புக்காரர்கள் வளைக்கப் போகவில்லை. தடிமனைக் கூட்டினார்கள். ஜெம் பிளேடின் முதுகில் இன்னொரு எஃகுப் பட்டையை மடித்துக் கவ்வவைத்து, அதற்கு ஒரு முதுகெலும்பையே கொடுத்தார்கள். அதை ரேசரில் பொருத்தும் விதத்தில்தான் எனக்கு மிகப் பிடித்த தந்திரம் ஒளிந்திருக்கிறது.

மூடியைத் திறந்து, பிளேடை இரு பக்க ஓரங்களில் பிடித்து, கூர் முன்னால் இருக்கும்படி தலைக்குள் வைக்கிறீர்கள். மூடியை அழுத்துகிறீர்கள். ‘க்ளிக்’. அந்த ஒரு நொடியில் மூடியில் உள்ள வில்பட்டைகள் பிளேடின் முதுகை முன்னால் தள்ளுகின்றன. தலையின் இரு மூலைகளிலும் சிறு தடுப்புகள் இருக்கின்றன. பிளேடின் கூர்விளிம்பின் இரு கோடிகளும் அவற்றில் முட்டி நிற்கின்றன. ஒரு பொருளைப் பொருத்தும்போது பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டவைப்பதுதான் நம் வழக்கம். இங்கே எல்லாம் தலைகீழ்: எந்த விளிம்பு துல்லியமாக நிற்க வேண்டுமோ, அந்த விளிம்பையே அளவுகோலாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பிளேடு தொழிற்சாலையில் இம்மியளவு அகலம் கூடியோ குறைந்தோ வந்தாலும் கவலையில்லை. அந்தப் பிழை முழுவதையும் பின்னால் இருக்கும் வில்பட்டை விழுங்கிவிடும். கூர் எப்போதும் அதே இடத்தில்தான் நிற்கும்.

அந்த இடம் என்ன இடம்? மேல்மூடியின் ஓரத்தையும், கீழே தோலில் படியும் காப்புப் பட்டையின் ஓரத்தையும் தொட்டுச் செல்லும் ஒரு கோட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தோல் ஏறக்குறைய அந்தக் கோட்டில் படியும். பிளேடின் நுனி அதைத் தாண்டி எவ்வளவு எட்டிப்பார்க்கிறதோ அந்த அளவைத் ‘துருத்தம்’ என்போம். கோட்டுக்கு உள்ளேயே நின்றால் சவரம் மென்மை, ஆனால் ஒட்ட மழிக்காது. வெளியே நின்றால் ஒட்ட மழிக்கும், கை தவறினால் கீறும். மென்மையான ரேசருக்கும் முரட்டு ரேசருக்கும் உள்ள வேறுபாடு பல நேரங்களில் 0.1 மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. அதோடு பிளேடுக்கும் காப்புப் பட்டைக்கும் நடுவில் நுரையும் முடியும் வழிந்தோட ஓர் இடைவெளி. பிளேடு தோலைச் சந்திக்கும் கோணம் சுமார் 30 டிகிரி. மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டையும் திருத்தியாக வேண்டும்.

இதனால்தான் பொருத்தும்போது சுத்தம் அவ்வளவு முக்கியம். பிளேடு உட்காரும் இடத்தில் ஒரு மூலையில் காய்ந்த சோப்பு மெல்லிய ஏடாகப் படிந்திருந்தால் போதும், ஒரு பக்கத் துருத்தம் மாறிவிடும். ரேசரை நேராக முகத்துக்கு எதிரே பிடித்து, இரு கோடியிலும் பிளேடு ஒரே அளவு தெரிகிறதா என்று பார்ப்பது வெறும் சடங்கல்ல. கூரை விரலாலோ துண்டாலோ துடைக்கவும் கூடாது.

இன்றைய ஒற்றை விளிம்பு ரேசர்கள் பலவும் எஃகு, டைட்டானியக் கட்டிகளைக் கணினி வழிநடத்தும் எந்திரங்களில் கடைந்து செய்யப்படுபவை. அவற்றில் நிறையப் பேர் விரும்புவது, ஜப்பானிய ஃபெதர் நிறுவனம் முடிதிருத்துவோருக்காகச் செய்யும் ‘ஆர்ட்டிஸ்ட் கிளப்’ பிளேடுகளை ஏற்கும் ரகம். அவையும் கால் மில்லிமீட்டர் தடிமனுக்கு அருகில் வரும். திருகை முறுக்கியதும் மேல்மூடியும் அடித்தட்டும் பிளேடைக் கூருக்கு மிக அருகில் கவ்விப் பிடிக்கின்றன. ஸ்கேலை ஓரம்வரை உள்ளே இழுத்தாயிற்று.

நம் ஊர் சலூனிலும் ஓடுவது ஒற்றை விளிம்புதான். எய்ட்ஸ் அச்சம் வந்தபின், தீட்டித் தீட்டி எல்லோருக்கும் போட்ட கத்தியின் இடத்தை, ஆளுக்கொரு பாதி பிளேடு பிடித்தது. தாள் உறையைப் பிரிக்காமலே இருபக்க பிளேடை நெட்டுவாக்கில் மடக்கி ‘டக்’கென்று ஒடிக்கும் அந்தக் கைவேகத்தைப் பாருங்கள். அது முடிவதற்கு இரண்டு காரணங்கள். பிளேடின் நடுவில் நீளமாக ஒரு துளை ஓடுவதால் இரு பாதிகளையும் இணைப்பவை கோடிகளில் உள்ள இரண்டு சிறு பாலங்கள் மட்டுமே. எஃகோ அவ்வளவு கடினம். வளையும், ஓரளவுக்கு மேல் வளையாமல் முறியும். குரோமியம் கலந்த அந்த எஃகை 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்து, பிறகு உறைநிலைக்கும் வெகு கீழே கொண்டுபோய் இறுக்குகிறார்கள். கடைசியில் கூரின் மேல் டெஃப்ளான் பூச்சு. ஆம், நான்ஸ்டிக் தவாவில் இருக்கும் அதே பொருள்தான்.

இவ்வளவு கடினமான எஃகு, அதைவிட 50 மடங்கு மென்மையான முடியிடம் ஏன் தோற்று மழுங்குகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் விடை சொன்னார்கள். அவர்களில் ஒருவரான ஜியான்லூகா ரோஷியோலி தாம் சவரம் செய்த பிளேடுகளையே மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். விளிம்பு தேய்ந்து உருண்டிருக்கவில்லை. ஆங்காங்கே சில்லுகள் பெயர்ந்திருந்தன. முடி அசையாமல் நின்றால் பிளேடுக்குச் சேதமில்லை. முடி வளைந்து, கூரைச் சாய்வாகச் சந்திக்கும்போது, அதுவும் எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத ஓர் இடத்தில் அதன் ஓரம் அழுந்தும்போது, சில்லு தெறிக்கிறது. காப்புப் பட்டை தோலை இழுத்துப்பிடித்து, முடியை அதன் அடிக்கருகிலேயே பிளேடிடம் ஒப்படைக்கிறது. ஆட நீளம் குறைவு. பிளேடுக்குப் பொருந்தும் ஸ்கேல் விதி முடிக்கும் பொருந்துகிறது பாருங்கள்.

பொருத்துவதே தொந்தரவு என்று நினைத்தவரும் ஒருவர் உண்டு. அமெரிக்க ராணுவ அதிகாரி ஜேக்கப் ஷிக், குண்டுகளை அடுக்கடுக்காக நிரப்பும் துப்பாக்கியைப் பார்த்து, 1920களில் பிளேடுகளை அதேபோல் அடுக்கி வைக்கும் ரேசரைச் செய்தார். அதன் வழிவந்த ‘இன்ஜெக்டர்’ ரேசரில் பிளேடைக் கையால் தொடவே வேண்டாம். சிறு பெட்டியின் மூக்கை ரேசர் தலையின் பக்கவாட்டில் செருகி நெம்பைத் தள்ளினால், புது பிளேடு பழையதை மறுபக்கம் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். ஷிக் அதிலும் திருப்தியடையாமல் அந்த நிறுவனத்தில் தம் பங்கை விற்று, அந்தப் பணத்தில் மின்சார ரேசர் செய்யப் போய்விட்டார்.

வெளியே தள்ளப்பட்ட பழைய பிளேடு எங்கே போகும்? அந்தக் காலத்து அமெரிக்கக் குளியலறைகள் பலவற்றில் மருந்து அலமாரியின் பின்பலகையில் மெல்லிய பிளவு ஒன்று வெட்டியிருப்பார்கள். பிளேடை அதில் போட்டால் சுவருக்குள் இருக்கும் வெற்றிடத்தில் போய் விழும். வீட்டின் ஆயுள் முழுக்கப் போட்டாலும் அது நிறையாது என்பது கணக்கு. கணக்கு சரிதான். இப்போது அந்த வீடுகளைப் புதுப்பிக்க வருபவர்கள் சுவர்ப்பலகையைப் பெயர்க்கும்போது, துருவேறிய பிளேடுகள் காலடியில் குவியலாகக் கொட்டுகின்றன.